என்னை எதிர்த்து நில்

ரங்கா,

இரண்டு தெரு தள்ளி இருக்கிற மகனுக்குக் கடிதம் எழுதுகிற அம்மா இந்த மேற்குத் தாம்பரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை. காலையில் பால் பாக்கெட்டோடு நீ கடையைத் தாண்டிப் போனதைப் பார்த்தேன், என்னைப் பார்க்காத மாதிரி போனதையும் பார்த்தேன். நேரில் பேசலாம் என்றால் உன்னோடும் முடியாது, உன் அப்பாவோடும் முடியாது. இரண்டு பேருக்கும் மேடைப் பழக்கம். நான் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் பாதியில் பிடுங்கி நீங்களே முடித்துவிடுவீர்கள். காகிதத்தில் அப்படி நடுவில் புக முடியாது, அதனால் எழுதுகிறேன். வார்டு செயலாளர் பதவிக்குப் போட்ட வேட்புமனுவை நாளைச் சாயங்காலத்துக்குள் நீ வாபஸ் வாங்கப்போகிறாயாம், அதோடு கட்சியை விட்டும் போகப்போகிறாயாம். உன் பெண்டாட்டி நித்யா போன் பண்ணிச் சொன்னாள். கேட்டதிலிருந்து எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வாபஸ் வாங்காதே. சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இவ்வளவோடு நிறுத்தினால் கேட்கிற ஆளா நீ?

கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நீ ஸ்கூல் விட்டு வந்து வீட்டுப்பாடம் எழுதுவாயே, அந்த எஸ்.டி.டி. பூத் கூண்டுக்குள் இப்போது ஜெராக்ஸ் பேப்பர் கட்டுகள்தான் இருக்கின்றன. ஆளாளுக்கு செல்போன் வந்த பிறகு அந்தக் கூண்டுக்குள் போக யாருக்கும் வேலையில்லை. ஒரு வரி எழுதுவதற்குள் ஒருத்தர் ரேஷன் கார்டை நீட்டுகிறார், இன்னொருத்தர் ஹால் டிக்கெட்டை நீட்டுகிறார். எழுந்து போய் எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி வந்து உட்காருகிறேன். அதனால் கடிதம் முன்னும் பின்னுமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். எனக்கு இருக்கிற மனநிலைக்கு இதுவே பெரிய விஷயம்.

முதலில் உன் பெயரிலிருந்து தொடங்குகிறேன். உனக்கு ஊர் வைத்த பெயர் செழியன். வைத்தது நானும் இல்லை, உன் அப்பாவும் இல்லை. அப்போதிருந்த மாவட்டச் செயலாளர் பொதுக்கூட்ட மேடையில் உன்னை வாங்கி, மைக்கில் மூன்று தரம் சொன்னார். கூட்டம் கைதட்டியது, நீ வீல் என்று அழுதாய். நான் திருநீர்மலைக்கு வேண்டிக்கொண்டு ரங்கநாதன் என்று மனசுக்குள் வைத்திருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் உன்னைத் தூக்கிக்கொண்டு மலையேறினேன். உன் அப்பா, கரை வேட்டி கட்டினவன் கோயிலுக்கு வரமாட்டான் என்று அடிவாரத்திலேயே டீ குடித்துக்கொண்டு நின்றார். வீட்டில் நான் ரங்கா என்று கூப்பிட்டால் அந்த மனுஷன் முகம் இன்றைக்கும் கொஞ்சம் கோணும். ஆனால் ஒரு நாளும் கூப்பிடாதே என்று சொன்னதில்லை. அந்த நியாயத்தையும் அவருக்குச் சேர்த்துத்தான் எழுதவேண்டும்.

அவரைப் பற்றி உனக்குத் தெரியாததா என்ன? ஆனால் இந்த ஒரு மாதமாக நீ பேசுவதைக் கேட்டால், வார்டு செயலாளராக இருக்கிற உன் அப்பா யாரோ வழிப்போக்கன் மாதிரி இருக்கிறது. ஏரி நிரம்பித் தண்ணீர் முடிச்சூர் ரோட்டிலிருந்து நம் தெருவுக்குள் வந்த அந்த மழையை நினைத்துப் பார். நீ அப்போது ஆபீஸில் மாட்டிக்கொண்டிருந்தாய். மெத்தைக் கடை கமால் பாய் இருக்கிறாரே, அவருடைய அம்மா படுத்த படுக்கை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கட்சி ஆபீஸுக்கென்று பேரம் பேசி வாங்கிவந்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் அந்த அம்மாவை உட்கார வைத்து, உன் அப்பாவும் பாயும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் போனார்கள். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. முனிசிபாலிட்டிக்குத் தனியாகப் போகிறவனை நாளைக்கு வா என்கிறார்கள், உன் அப்பாவோடு போகிறவனை உட்காரச் சொல்கிறார்கள். கட்சி என்றால் அந்த மனுஷனுக்கு இந்தத் தெருதான், வேறு கொள்கை விளக்கமெல்லாம் அவரிடம் கேட்காதே.

கோளாறும் அங்கேதான் ஆரம்பித்தது. தெருவே என்னுடையது என்று நினைக்கிறவருக்குத் தெருவில் இருக்கிறவர்களைக் கேட்கவேண்டும் என்று தோன்றுவதில்லை. உறுப்பினர் சேர்க்கை வந்தால் நகரச் செயலாளர் விண்ணப்பக் கட்டை வீட்டில் கொண்டுவந்து போடுவார். எவ்வளவு அட்டை காட்டுகிறாயோ அவ்வளவு பெரிய ஆள். உன் அப்பா வீடு வீடாகப் போக வேண்டிய அவசியமே இல்லை, எல்லா வீட்டுப் பெயரும் அவருக்கு மனப்பாடம். அவர் சொல்லச் சொல்ல எழுதினது நான். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது என்பதால் அந்த வேலை எனக்கு வந்து சேர்ந்தது. பென்ஷன் வாங்குகிற வாத்தியார், இட்லிக் கடை வசந்தா, கமால் பாய், எதிர்க்கட்சிக் கொடியை வீட்டு மாடியில் கட்டியிருக்கிற எலக்ட்ரீஷியன் வரைக்கும் எல்லாரும் நம் கட்சி உறுப்பினர்கள். அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அட்டைகள் ரப்பர் பேண்ட் போட்டு நம் பீரோவில் தூங்கும். அமைப்புத் தேர்தல் வந்தால் தலைமையிலிருந்து ஒரு பொறுப்பாளர் வருவார். அந்தக் கட்டை மேஜைமேல் வைப்பார்கள். ஒருத்தர் முன்மொழிவார், ஒருத்தர் வழிமொழிவார், ஏகமனதாகத் தேர்வு என்று சால்வை போட்டு, பிரியாணி சாப்பிட்டுக் கலைந்துவிடுவார்கள். எதிர்க்கட்சியில் இதுகூடக் கிடையாதாம், பட்டியல் பேப்பரில் வருமாம். அந்தக் கட்டுக்குள் என் அட்டையும் இருந்தது. ஒவ்வொரு தடவையும் நானும் ஏகமனதாகத்தான் இருந்திருக்கிறேன், அடுப்படியில் நின்றுகொண்டு.

நீ இதைக் கேள்வி கேட்டாய். கேட்டது சரி. தாம்பரம் சானடோரியம் பக்கம் வேலைக்குப் போய், கம்பெனியில் மீட்டிங், ரிப்போர்ட் என்று பார்த்துவிட்டு வந்து, இங்கே ஏன்பா மாசம் ஒரு கூட்டம்கூட இல்லை என்று கேட்டாயே, அன்றைக்கு நான் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். உன் அப்பா சொன்ன பதிலும் சும்மா தள்ளிவிடுகிற பதில் இல்லை. "போட்டின்னு வந்தா கோஷ்டின்னு ஆயிடும்டா. கோஷ்டி வந்தா தோத்தவன் ரோட்டத் தாண்டி அந்தக் கட்சிக்குப் போயிடுவான். நா எத்தன வார்டு இப்புடி நாசமாப் போனதப் பாத்துக்கீறேன் தெரியுமா?" என்றார். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புத்தான் அவரை அறுத்தது, கேள்வி இல்லை. அடுத்த வாரம் அவருக்கு எதிராகவே மனு போட்டாய், அதற்கடுத்த வாரம் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போனாய். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண் நித்யா, தட்டுமுட்டுச் சாமானை மூன்று சக்கர வண்டியில் ஏற்றிவிட்டு என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை. எங்கே போகிறோம், ஏன் போகிறோம் என்று அவளிடம் யாராவது உட்கார்ந்து பேசினீர்களா என்று எனக்குத் தெரியாது.

அதன்பிறகு நீ செய்தாயே ஒரு காரியம், அதை நினைத்தால் எனக்குக் கோபமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. அந்த அட்டைகள் எல்லாம் போலி என்று தலைமைக்கு மொட்டைக் கடுதாசி போட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். நீ வீடு வீடாகப் போய், "நீங்க எங்க கட்சி மெம்பர். ஞாயித்துக்கெழம ஓட்டு இருக்கு. உங்க அட்டைய எங்க வீட்ல போய் வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டாய். செல்போன் இருக்கிறவர்களுக்கு எஸ்.எம்.எஸ். வேறு. தெருவே ஆடிப்போய்விட்டது. முதலில் வந்தவள் வசந்தா. கையில் இட்லி மாவு ஒட்டியிருக்க, "இன்னாக்கா இது, நா கட்சில கீறேனாமே? எத்தினி வருசமா கீறேன்? எனக்கே தெரியலியே!" என்றாள். கமால் பாய் வந்து, "நம்ம பேரையும் போட்டீங்களா அக்கா? போட்டது தப்பில்ல. ஒரு வார்த்த சொல்லியிருந்தா மழ நேரத்துல நானே கொடியப் புடிச்சிருப்பேன்ல" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எழுதினது என் கை அல்லவா. அந்த எலக்ட்ரீஷியன் மட்டும் சத்தம் போட வந்தான். வாசலில் நின்று யோசித்துவிட்டு, "சரி, ஓட்டு யாருக்குப் போடணும்னு நானே முடிவு பண்லாமா?" என்று கேட்டான். பண்ணலாம் என்றேன். யோசனையோடு திரும்பிப் போனான்.

நேற்றுக் காலையில் நடந்ததை நீ பாதிதான் பார்த்தாய், மீதியை நான் சொல்கிறேன். வெள்ளைச் சுமோ நம் வாசலில் வந்து நின்றது. தேர்தல் பொறுப்பாளர் இறங்கினார். அவர் வருகிறார் என்று தெரிந்து தெரு ஜனம் அட்டைக்காக வாசல் கேட்டுக்கு வெளியே கூடியிருந்தது. மனுஷனுக்கு அதைப் பார்த்ததுமே வேர்த்துவிட்டது. கட்சி அமைப்புத் தேர்தலுக்கு இத்தனை பேர் வந்து அவர் பார்த்ததே இல்லையாம். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, "அப்பனும் புள்ளையும் மோதினா சந்தி சிரிக்குமே. ரெண்டு பேரும் வாபஸ் வாங்கிடுங்க. அம்மாவையே போட்டுடலாம். மனு குடுக்க மத்தியானம் வரைக்கும் டைம் கீது. மகளிருக்கும் வாய்ப்பு குடுத்த மாதிரி ஆச்சு, வீட்டுக்குள்ளயே முடிஞ்ச மாதிரியும் ஆச்சு" என்றார். என்னிடம் சொல்லவில்லை. உன் அப்பாவைப் பார்த்துச் சொன்னார், பிறகு உன்னைப் பார்த்துச் சொன்னார். நான் காபித் தட்டோடு நடுவில் நின்றேன்.

நான் உள்ளே போனேன். பின்னாலேயே உன் அப்பா வந்தார். குரலைத் தாழ்த்தி, "நீ ஒண்ணும் பண்ணவேணாம். பேருக்கு ஒரு கையெழுத்து போடு. மிச்சத்த நா பாத்துக்கிறேன்" என்று கையை ஆட்டிவிட்டுப் போனார். பாலை அடுப்பில் வைத்தேன். கொல்லைப் பக்கமாக நீ வந்தாய். "அம்மா, நீ சும்மா பேருக்கு இரு. மிச்சத்த நா பாத்துக்கிறேன்" என்றாய். அதே வார்த்தை, அதே கை ஆட்டல்! பால் பொங்கி அடுப்பு அணைந்தது. உங்கள் இரண்டு பேருக்கும் எவ்வளவோ வித்தியாசம் என்று இந்த ஒரு மாதமாகத் தெருவே பேசுகிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லையடா. துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தேன். அழுகை வரவில்லை, வந்திருந்தால் உங்களுக்கு வசதியாகப் போயிருக்கும். அம்மா மனசு கஷ்டப்படுகிறாள் என்று இரண்டு பேரும் சேர்ந்து சமாதானம் பண்ணியிருப்பீர்கள்.

ஹாலுக்கு வந்தேன். மைக்கைக் கண்டால் நான் ஒதுங்கிவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். மகளிரணி என்று சொல்லி இத்தனை வருஷம் ஆரத்தித் தட்டோடு வரிசையில் நின்றிருக்கிறேனே தவிர, ஒரு வார்த்தை பேசினது கிடையாது. நேற்று எங்கிருந்து வந்ததோ. "ஏகமனதா வேணாங்க. மூணு பேருமே நிக்கிறோம். தெருவு ஓட்டு போடட்டும்" என்றேன். பொறுப்பாளர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அது அமைப்புக்கு நல்லதில்லம்மா" என்றார். "அமைப்புன்னா யாருங்க? நீங்களா, இவரா, இல்ல கேட்டுக்கு வெளிய நிக்கிறாங்களே அவங்களா?" என்று கேட்டேன். நாடு பூராவும் ஓட்டுக் கேட்டுப் போகிற கட்சி, ஒரு தெருவில் பெட்டி வைக்கப் பயப்படலாமா என்றும் கேட்டிருப்பேன், அதற்குள் வெளியே வசந்தா, "அட்டைய குடுக்கா, கட தொறக்கணும்" என்று கத்தினாள். அவர் ஜன்னல் வழியாகக் கூட்டத்தைப் பார்த்தார். நகரச் செயலாளருக்குப் போன் போட்டார். இங்கே ஏகமனது என்று எழுதினால் இந்த ஜனத்திடம் யார் பதில் சொல்வது என்று அவர் போனில் கேட்டது என் காதில் விழுந்தது. கடைசியில், சரி, ஞாயிற்றுக்கிழமை ஓட்டு, மனுவைக் கொடும்மா என்றார்.

பீரோவைத் திறந்து அட்டைக் கட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். என் கையெழுத்துதான், அதனால் நானே ஒவ்வொரு பெயராகப் படித்தேன். கமால் பாய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுத் தன் வயசு தப்பு என்றார், திருத்திக் கொடுத்தேன். பாதிப் பேர் சிரித்துக்கொண்டு வாங்கினார்கள், ஆனால் வாங்காமல் யாரும் போகவில்லை. உன் அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஒவ்வொரு அட்டை போகும்போதும் அவர் கண் கூடவே போனது. அது எனக்கு என்னவோ போலிருந்தது, இருந்தாலும் நிறுத்தவில்லை. என் அட்டை வந்தபோது என் பெயரை நானே சத்தமாகப் படித்து என் மணிபர்ஸில் வைத்துக்கொண்டேன். அதற்குமுன் ஒரு பெயர் படித்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் எதிர்பார்த்தது நீ சந்தோஷப்படுவாய் என்று. நீ கேட்டதுதானே இது? நீ என்னடாவென்றால், அட்டையெல்லாம் கொடுத்து முடித்து நான் மனுவில் கையெழுத்துப் போட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு, "அம்மாவையே என்மேல ஏவி விட்டுட்டாரு இல்ல? இந்தக் கட்சி உருப்படாது" என்று போனாய். ஏவி விட்டாரா? நான் என்ன நாயாடா? உன் கணக்கில் நான் உன் அப்பா பக்கம், அவர் கணக்கில் நான் உன் பக்கம். எனக்கென்று ஒரு பக்கம் இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கோபத்தில் எழுதுகிறேன், அடித்துவிட்டுத் திருப்பி எழுதலாம் என்று பார்த்தேன், வேண்டாம், இருக்கட்டும்.

கட்சியை நீ உன் கம்பெனி மாதிரி நினைக்கிறாய். பிடிக்காவிட்டால் பேப்பர் போட்டுவிட்டு வேறு கம்பெனி. அப்பா அதைத் தன் பனியன் மாதிரி நினைக்கிறார், அவர் உடம்பைத் தவிர வேறு யாருக்கும் பொருந்தாது என்று. எனக்குப் பெரிய படிப்பு இல்லை, ஆனால் இந்தக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து எத்தனையோ கட்சிக்காரர்கள் போனில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஜெயித்தவன் பேச்சு எல்லாக் கட்சியிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். தோற்றவன் அடுத்த நாள் காலையில் அதே டீக்கடைக்கு வந்து அதே பெஞ்சில் உட்கார முடிகிறதா? அதில்தான் அது கட்சியா, நாலு பேர் கூட்டமா என்று தெரியும். உன் அப்பா பயப்படுவது தோற்றவன் போய்விடுவான் என்று. நீ போகிறேன் என்கிறாய், அதுவும் தோற்பதற்கு முன்னாலேயே! அவர் சொன்னதைச் சரி என்று நிரூபிக்கத்தான் இத்தனை பாடா? மூன்று பேர் நிற்கிறோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்தக் குடும்பத்தில் இரண்டு பேர் தோற்றிருப்போம். தோற்ற இரண்டு பேரும் அடுத்த நாள் வீட்டுக்குள் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு, கட்சி ஆபீஸ் நாற்காலியைத் துடைத்துப் போட்டால், உன் அப்பாவின் பயம் பொய் என்று இந்த வார்டுக்கே தெரிந்துவிடும். பேசிப் பேசி அதை அவருக்குப் புரியவைக்க உன்னாலும் முடியாது, என்னாலும் முடியாது.

நீ வாபஸ் வாங்கினால் என்ன ஆகும் தெரியுமா? இன்று காலையில் அவரிடம் கேட்டேன். "அவன் வாங்கினா நானும் வாங்கிடுவேன். பொண்டாட்டிய எதிர்த்து நின்னு ஜெயிச்சா எனக்கு இன்னா மரியாத?" என்றார். பார்த்தாயா? நீ போனால் அவரும் போவார். மீதி நான் ஒருத்தி. பெட்டி வராது. பொறுப்பாளர் வந்து ஏகமனதாக என்று எழுதி எனக்கு ஒரு சால்வை போடுவார். நேற்றுத்தான் கையில் அட்டை வாங்கினவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? வசந்தா வடைக்கு அடியில் போட்டுக் கொடுப்பாள். எதற்காக நான் என் வீட்டு மனுஷர்கள் இரண்டு பேரையும் எதிர்த்துக்கொண்டேனோ, அதுவே எனக்கு நடக்கும். என்னை உங்கள் இரண்டு பேரில் யார் தோற்கடித்தாலும் எனக்கு வருத்தமில்லை, கொஞ்சம் இருக்கும், பொய் சொல்வானேன். ஆனால் யாருமே எதிர்த்து நிற்காமல் எனக்குக் கிடைக்கிற பதவி எனக்கு வேண்டாம். பெற்ற மகனிடம் இப்படி ஒரு வரம் எவளாவது கேட்பாளா? நான் கேட்கிறேன். என்னை எதிர்த்து நில்.

பயமாக இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஜெயித்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பெரிய பயம். நடுவில் எழுந்து போய்ப் பேப்பர் டிரேயைத் திறந்து திறந்து மூடுகிறேன், தண்ணீர் குடிக்கிறேன், மறுபடி வருகிறேன். மாசம் ஒரு நாள் சாயங்காலம் இந்தக் கடை வாசலில் அட்டை வைத்திருக்கிற எல்லாரையும் உட்காரவைத்து, என்ன செய்யலாம் என்று கேட்கவேண்டும் என்று மட்டும் நினைத்திருக்கிறேன். உன் யோசனைதான், திருடிக்கொண்டேன். தூக்கிச் சுமக்கிற வேலையெல்லாம் உன் அப்பாவிடமிருந்து திருடிக்கொள்வேன். ஜனம் என்னைவிட நீதான் சரி என்று நினைத்தால் உனக்குப் போடட்டும், அவர்தான் வேண்டும் என்றால் அவருக்குப் போடட்டும். மூன்று பேரும் கேட்டுப் போகவேண்டும், வீட்டு வாசலில் நின்று கேட்கவேண்டும். இத்தனை வருஷத்தில் நம் தெருவில் நம் கட்சி அதைத்தான் செய்யவில்லை.

இதை மூன்று பிரதி எடுக்கிறேன். ஒன்று உனக்கு. ஒன்று உன் அப்பாவின் பேப்பருக்கு அடியில். இன்னொன்றைக் கடைக் கண்ணாடியில் ஒட்டப்போகிறேன். ஆளுக்கொரு மாதிரி சொன்னேன் என்று நாளைக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது பார். வீட்டு விஷயத்தைத் தெருவில் போடலாமா என்று கோபப்படாதே. தெருவில் இருக்கிற அத்தனை பேர் பெயரையும் கேட்காமல் நம் வீட்டுக்குள் போட்டு வைத்திருந்தோமே, அதற்கு இது சரியாகப் போயிற்று. உன் அப்பாவிடம் இன்று காலையில் முறையாக ஓட்டுக் கேட்டுவிட்டேன். பேப்பரை இறக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். "யோசிச்சு சொல்றேன்" என்றார். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் என்னிடம் யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை, ரங்கா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

நாளைக்குப் பத்து மணிக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வருகிறேன், அம்மாவாக இல்லை, ஓட்டுக் கேட்டு. உன் ஓட்டை நீ உனக்கே போட்டுக்கொள்வாய் என்று தெரியும், இருந்தாலும் கேட்பேன், அதுதான் மரியாதை. அதன்பிறகு நித்யாவிடம் தனியாகக் கேட்பேன். நேற்று வாசலில் அவள் பெயரைப் படித்தேனே, அவள் உன் பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள். கையை நீட்டினது நீ. அவள் அட்டையை வாங்கி உன் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "எங்க வீட்ல ரெண்டு ஓட்டு உறுதி" என்று கமால் பாயிடம் சொன்னாய். கல்யாணமான வாரத்தில் அவள் விண்ணப்பத்தை நிரப்பினதும் நீதான், அவளைக் கேட்டு நிரப்பினாயா என்று எனக்குத் தெரியாது. எங்கள் பீரோவைப் பற்றி ஊரெல்லாம் சொன்ன நீ, உன் பாக்கெட்டையும் ஒரு தரம் பார். நான் வருவதற்குள் அந்த அட்டையை அவள் கையில் கொடுத்துவிடு. நான் அவளிடம் கேட்கும்போது நீ பதில் சொல்லாதே.

இப்படிக்கு,
உன்னை எதிர்த்து நிற்கிற,
உன் அம்மா